இடுப்பு என்றால் எந்த இடம்

மார்ச் 3, செவ்வாய்

எலும்பு டாக்டரிடம் நேரம் கிடைத்துவிட்டது. 12ஆம் தேதி, வியாழன், பதினொன்று இருபது. போனில் பேசிய பெண் என்ன பிரச்சனை என்றாள். இடுப்பு வலி என்றேன். எவ்வளவு நாளாக என்றாள். குழந்தை பிறந்ததிலிருந்து என்று சொல்லி, குழந்தைக்கு ஒன்றரை வயது என்பதை விழுங்கிவிட்டேன். பதினெட்டு மாதம் சும்மா இருந்தவள் என்று அவள் நினைத்துவிடக் கூடாதாம். முகம் தெரியாதவளிடமும் நல்ல பெயர் வாங்கியாக வேண்டும் எனக்கு.

ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால்? சுண்டெலியை யார் தூக்குவார்கள்? என் மகள் தூங்குவதே என் வலது இடுப்பில்தான். கட்டில், தொட்டில், அப்பா தோள் — எதுவும் அவளிடம் செல்லாது.

மார்ச் 4

அலுவலக மாடிப்படியில் மூன்று முறை நின்றேன். ஒவ்வொரு முறையும் போனைப் பார்ப்பதுபோல் நடித்தேன். மூன்றாவது முறை கையில் போனே இல்லை.

மார்ச் 7, சனி

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி முடித்தேன். முப்பத்தொன்று. பாடநூல்களில் பிழை திருத்துகிறவள் அல்லவா, ஒற்றெல்லாம் சரிபார்த்து நான்கு முறை திருத்தியாயிற்று. இப்போதுதான் கவனிக்கிறேன்: ஒன்பதாவது கேள்வியும் இருபத்திரண்டாவதும் ஒன்று. “குழந்தையைத் தூக்கலாமா?” பதினேழாவதும் அதேதான், கொஞ்சம் மரியாதையாக.

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஒத்திகை. சாப்பாட்டு மேசைதான் மருத்துவமனை. இவர் டாக்டர். சுண்டெலி டாக்டரின் மடியில் உட்கார்ந்து டாக்டரின் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் முதல் பக்கத்தை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் டாக்டர் கொட்டாவி விட்டார்.

“இடுப்புன்னா எங்கம்மா? முன்னாடியா, பின்னாடியா?”

“இடுப்புன்னா இடுப்புதான்” என்று வெடுக்கென்று சொன்னேன். அத்தை இரண்டடி தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறார். மாமியாரை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது, எங்கே காட்டுவது?

அடுத்து ‘டாக்டர்’ நடந்து காட்டச் சொன்னார். சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்தேன். நொண்டலே இல்லை! பதினெட்டு மாதமாக நொண்டுகிறவள், இன்று பார்த்து அன்னநடை. அன்றைக்கும் இப்படி ஆகிவிட்டால்? இன்னொரு தடவை நடந்தேன். இப்போது ஓவர் ஆக்டிங் என்றார் இவர்.

“பரீட்சைக்குப் போறவ மாதிரில்ல இருக்கு” என்றார் அத்தை. “மூணு பெத்தேன். இடுப்பு வலி இல்லாத பொம்பளை யாரும்மா?”

அத்தையைக் குறை சொல்லவில்லை. இடுப்பு வலிக்குக் கட்டும் பெல்ட்டை வாங்கித் தந்தவரே அவர்தான். மூன்று மாதம் பக்தியோடு கட்டிக்கொண்டேன். வலிக்கும் இடத்துக்கும் பெல்ட்டுக்கும் அறிமுகமே ஏற்படவில்லை.

மார்ச் 11, புதன்

ஃபைல் தயார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் கடிதம், முதுகெலும்பு எக்ஸ்ரே இரண்டு, கேள்விகள் ஆறு பக்கம். பெல்ட்டையும் பையில் வைத்தேன், சாட்சிக்கு. அக்கா போனில் ஒரே கேள்விதான் கேட்டாள்: “கால் நகம் வெட்டினியாடி?” எலும்பு டாக்டர் பாதம்வரை பார்ப்பாராம். போனை வைத்ததும் வெட்டினேன்.

வேடிக்கையாகத்தான் எழுதிக்கொண்டு போகிறேன். பயமா இருக்கு. ஒரு மாசம் படுக்கைன்னு சொல்லிட்டா? அவ கை நீட்டுவாளே. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாளே — நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 12, வியாழன்

நரைமீசை வைத்த ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். உள்ளே இருந்தது ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். ஆறு பக்கத்தையும் எடுத்து நீட்டினேன். வாங்கி, படிக்காமல், மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“வாயால எதுவும் சொல்லாதீங்க. எங்க வலிக்குதுன்னு ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க.”

என் விரல் என்னைக் கேட்காமலேயே போயிற்று. முன்பக்கம், கீழே, தொடை வந்து சேருகிற இடுக்கு. யாரிடமும் சொல்லக் கூசிய இடம்.

டாக்டர் எக்ஸ்ரேக்களை ஒருமுறை பார்த்தார், என் விரலை ஒருமுறை பார்த்தார்.

“இதை இடுப்புன்னு யாரு சொன்னா?”

“நான்தான்.”

“இது முதுகுப் படம்மா. உங்க முதுகு ஜோரா இருக்கு.”

தொடை எலும்பு போய்ப் பொருந்துகிற மூட்டில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்றார். நான் ஏதோ மன்னிப்புக் கேட்கப் போனேன். கையமர்த்திவிட்டார். “பெல்ட் கட்டுறதும் இடுப்பு, குழந்தைய வெச்சுக்கறதும் இடுப்பு, வெக்கப்பட்டா சொல்றதும் இடுப்பு. அதனாலதான் நான் விரலைக் கேக்கறேன்.”

படுக்கவைத்துக் காலை மடக்கி உட்புறம் திருப்பினார். கத்திவிட்டேன். ஒத்திகை தேவைப்படவில்லை.

முப்பத்தொரு கேள்வியில் ஒன்றைத்தான் கேட்டேன். ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும், அதுவரை தூக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

ஊரார் பிழையெல்லாம் சிவப்பு மையில் சுழிப்பவள். என் வாயில் ஒரு தவறான சொல் பதினெட்டு மாதம் குடியிருந்திருக்கிறது. திரும்பி வந்து இவரிடம் சொன்னேன். ‘அன்னிக்கே கேட்டேனே’ என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாதது வீடு முழுக்கக் கேட்டது.

மார்ச் 13, வெள்ளி

அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன். விரலாலும் காட்டினேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“அங்கயா? எனக்கும் அங்கதாம்மா. மூத்தவன் பொறந்ததுலேருந்து.”

முப்பத்தைந்து வருடம். நான் பதினெட்டு மாதத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த டாக்டரம்மாவிடம் தனக்கும் நேரம் வாங்கச் சொன்னார்.

மார்ச் 20, வெள்ளி

ஸ்கேன் முடிவு. எலும்பு உட்காரும் குழி எனக்குப் பிறவியிலேயே ஆழம் குறைவாம். தூக்கித் தூக்கி அதன் விளிம்பு நைந்திருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளலாம். நின்றபடி தூக்கக் கூடாது, இடுப்பில் ஏற்றவே கூடாது.

ஆபரேஷன் இல்லை என்றதும் அழுதேன். தூக்கக் கூடாது என்றதும் அழுதேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாக அழுதிருக்கலாம், டாக்டரின் நேரமாவது மிஞ்சியிருக்கும்.

மார்ச் 24

சுண்டெலி தூங்க மறுத்து நாற்பது நிமிடம் அழுதாள். நான் குளியலறையில் ஐம்பது.

ஏப்ரல் 2, வியாழன்

அவள் அப்பா தோளில் தூங்கிப்போனாள். எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பயிற்சியில் நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. கால் தூக்கச் சொன்னால் மூச்சை மறக்கிறேன், மூச்சு விடச் சொன்னால் காலை மறக்கிறேன். ஆனாலும் இன்று மாடிப்படியில் ஒருமுறைதான் நின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்டெலி ஓடி வந்தாள், இரண்டு கையையும் தூக்கியபடி. நான் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் முகத்தைப் பார்த்தாள். கையைக் கீழே இறக்கினாள். என் உடையைப் பிடித்து இழுத்து, “ஒக்காரு” என்றாள்.

வாசலிலேயே உட்கார்ந்தேன், செருப்பைக்கூடக் கழற்றாமல். மடியில் ஏறிக்கொண்டாள்.