பன்னிரண்டு குழித் தட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சௌக்கியம். மாப்பிள்ளையும் என் பேத்தி சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் நீ உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேள்வி கடைசியில் இருக்கிறது. அதை முதலில் படித்துவிடாதே.

போன தடவை நீ வாங்கி வைத்துவிட்டுப் போன ஓவனில் மஃபின் என்கிற குட்டிக் கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். தட்டில் பன்னிரண்டு குழி, வீட்டில் நான் ஒரே ஆள். ஆகவே இரண்டு குழியில் மட்டும் மாவை ஊற்றினேன். வெறுங்குழிகள் தீயாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றும்படி ஓவனோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது, ஊற்றினேன். அன்றைக்குப் பார்த்து, என் சட்டைக்குக் காலர் மாற்றிக் கொண்டுவந்தார் மூன்றாம் மாடித் தையல்காரர். குழந்தைகள் பட்டன் அத்தை என்று கூப்பிடுவார்களே, சின்னவளின் கவுனுக்கு ஆறு நிறத்தில் ஆறு பொத்தான் தைத்துக் கொடுத்தவர். அவரும் வீட்டில் தனியாள்தான். தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மெக்கானிக் சார், ரெண்டு பேருக்குப் பலகாரம், பத்துப் பேருக்கு வெந்நீரா?" என்றார்.

அடுத்த வாரம் பன்னிரண்டும் ஊற்றினேன். பிளம்ஸ் பழத்தை நறுக்கிப் போட்டேன். வெந்ததும் பிட்டுப் பார்த்தால் மேலே ஒரு துண்டுகூட இல்லை. லிஃப்டில் ஏறியதுபோல் அத்தனையும் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டன. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு இது அவமானம்தானே! அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பழத்தைக் காஞ்ச மாவுல பொரட்டிட்டுப் போடுங்க. லைனிங் இல்லாம தைச்சா துணி நிக்குமா?" என்றார். இப்போது ஒவ்வொரு துண்டும் போட்ட இடத்தில் நிற்கிறது. சாறு ஓரத்தில் கசிந்து பாகாகி ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் செய்கிறோம். நறுக்குவது அவர், அளப்பது நான். நான் கிராம் கணக்குப் பார்ப்பதைக் கண்டால் "மாவுதானே, மருந்தா?" என்று கேலி. முதல் இரண்டு வாரம் அவர் நின்றுகொண்டேதான் நறுக்கினார். சமையலறையில் இருப்பவை இரண்டு நாற்காலி. ஒன்று உன் அம்மாவுடையது. அவள் இறந்து ஐந்து வருடமாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் வாரம் நானே அதை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் உட்கார்ந்தார். நாலைந்து பழம் நறுக்கிய பிறகு, உன் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பன்னிரண்டும் கருகிவிட்டன. கருகலைச் சுரண்டிவிட்டு அதையேதான் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

போன வாரத்திலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவதில் "மெக்கானிக் சார்" போய், "இந்தாங்க" வந்திருக்கிறது. மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்க உன்னோடு இன்னொரு ஆள் சேர்ந்திருக்கிறது. எடை ஒன்றரைக் கிலோ கூடியதில் டாக்டருக்கு வருத்தம், எனக்கு இல்லை. நான் நன்றாக இருக்கிறேன், கண்ணு. இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். சின்னவளின் விடுமுறைக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறாய். இந்த மாதத்துக்குள் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒன்று எடுக்கட்டுமா, இரண்டு எடுக்கட்டுமா?

அவரிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் உன்னைத்தான் கேட்கிறேன். மாப்பிள்ளையிடமும் பேசு, நாள் எடுத்துக்கொள். எனக்காக எழுதாமல் உன் மனசில் பட்டதை எழுது. ஒன்று என்று எழுதினாலும் சொன்ன தேதிக்கு உன் வாசலில் வந்து நிற்பேன், குறையொன்றும் இல்லாமல்.

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா