ஜூஸுக்கு இல்லாத ஐஸ்கட்டி

என்னங்க,

ஃப்ரீசர்ல பூ வச்சு உறைய விட்ட ஐஸ்கட்டி இருக்கு. இன்னைக்கு எங்க பூ விளையாட்டு விழாவுல குட்டிப் பிள்ளைங்க கையால தடவி உருக்கி, பூவை வெளியே எடுத்து விளையாடறதுக்கு. நேத்து மாதிரி ஜூஸ்ல போட்டுக் குடிச்சிடாதீங்க! பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வருவாங்க, டப்பாவோட குடுத்திடுங்க.

விழாவுல வர்ற நன்கொடை முழுக்க ஆஸ்பத்திரிக் குழந்தைங்களுக்கு. "பூவைப் பிச்சுப் போடறதெல்லாம் ஒரு சேவையா"ன்னு கேட்டீங்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. கோபத்துலயும் உப்பு சரியாத்தான் போட்டிருக்கேன்.

பி.கு.: கிளம்பறப்பதான், விழாவுக்காக ராத்திரி முள்ளோட வாங்கி வச்ச ரோஜா வாளியைப் பார்த்தேன். ஒரு காம்புலகூட முள் இல்ல. தூங்கற உங்க விரல்ல மூணு பிளாஸ்டர். எடுத்த முள்ளையெல்லாம் நாக்குலதான் சேர்த்து வச்சிருக்கீங்களா?

டப்பாவை அக்காகிட்ட குடுக்க வேண்டாம். நீங்களே எடுத்துட்டு வாங்க.