நன்காடு என்னும் சொல்லால் நேர்ந்த படுகொலை

மழை தவறாது பொழிக! வாய்மை நிலைபெறுக! வெண்கோட்டு நாடாளும் அரசி கோதைமாதேவியாரின் ஆணைப்படி, முதலமைச்சன் மாறன் விழுப்பரையன், வடவெல்லைக் கோட்டைக்குப் புதிதாய்த் தலைமையேற்ற சாத்தன் வில்லவரையருக்கு விடுக்கும் ஓலை. நும் மதிலும் படையும் குடிகளும் நலமுறுக. நுமக்கு முன் அக்கோட்டையைக் காத்த ஆதன் கொற்றன் மாண்ட வகையை இதனால் அறிவீராக.

கொற்றன், அரசியாரின் தந்தை காரிவளவரிடம் வாள்பிடித்து வளர்ந்தவன். அம்மன்னருக்குச் சினம் மூண்டால் சொல் இனிக்கும். ஒருவனுக்குப் பட்டுடுத்துக என்பார். கொற்றன் அவன் முதுகுத்தோலை உரிப்பான். விருந்திடுக என்பார், நஞ்சிடுவான். சொல்லுக்கு எதிர்ப்பொருள் கொள்ளத் தெரிந்தமையாலேயே அவன் படைத்தலைவனானான்.

மன்னர் விண்ணேகிய பின், கிளர்ந்தெழுந்த குன்றவர் தோற்று, பெண்டு பிள்ளைகளோடு சரணடைந்தனர். அரசியார், "இவர்களை நன்காட்டிற் குடியேற்றுக" என்று பணித்தார். அவர் கருதியது ஆற்றங்கரையின் வளமான காட்டை. சுடுகாட்டை மங்கலமாக நன்காடு என்பதும் நம் வழக்கன்றோ? கொற்றன் அவ்வாறே கொண்டான். அனைவரையும் சுடலைக்கு நடத்திச் சென்று வெட்டினான். வாள் மழுங்கவே கோடரி எடுத்தான். மகவை முந்தானையில் மறைத்த ஒருத்தியின்முன் அவன் கை தாழ்ந்தது. ஆணையை நினைந்து மீண்டும் ஓங்கினான்.

"குடியேற்றிவிட்டேன், தாயே" என்று வந்து வணங்கினான். அரசியார் மகிழ்ந்து தம் முத்துவடத்தை அவனுக்கு அணிவித்தார். விதைநெல்லும் எருதுகளும் கொண்டு தாமே காடு நோக்கிப் புறப்பட்டார்.

"எருது எதற்குத் தாயே?"

"அவர்கள் உழ வேண்டாமா, கொற்றா?"

அவன் முகம் வெளிறிற்று. சுடலைக்கு வழிகாட்டினான். கழுகுகள் எழுந்து பறந்தன.

கண்டதும் அரசியார் தேர்ச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு நின்றார். கொற்றன் குருதி படிந்த மண்ணில் விழுந்து, அவர் தந்தையார் சொல்லியிருப்பின் பொருள் இதுவே என்றான். மகவை மறைத்த அந்தத் தாயின் முகம் தன்னைத் துயிலவிடவில்லை என்று கதறினான். உயிர்ப்பிச்சை கேட்டானில்லை.

"என் தண்டனையையாவது நேராகச் சொல்லுங்கள், தாயே."

"உன்னைக் கொல்லச் சொல்கிறேன்" என்றார் அரசியார். அங்கேயே அவன் தலை உருண்டது.

வில்லவரையரே, சரணடையாது எஞ்சிய குன்றவர் மலைக்குகைகளில் வஞ்சினத்தோடு பதுங்கியுள்ளனர். நம் வீரரைக் கொன்றும் வருகின்றனர். அவர்களை உயிரோடு பிடித்து, உயிரோடு ஆற்றங்கரையில் இருத்தி, உணவும் நிலமும் தருக. இது அரசியார் ஆணை. யாளி இலச்சினை இட்டது. இச்சொற்களுக்கு வேறு பொருள் இல்லை.