மேல்நகரத்தில் ஓர் அறை

லெஃப்தெரிஸ்,

நீங்கள் ரொட்டி வாங்கப் போனதும் மறுபடி தடதடவென்று நிலம் அதிர்ந்தது. படிக்கட்டு விரிசலில் இப்போது என் விரலே நுழைகிறது. உள்ளே நிற்கப் பயமாக இருக்கிறது. எதிர்ப் பூங்காவுக்குப் போகிறேன். இன்று விடுதியில்தான் தூங்குவேன்.

"சொந்த ஊர்ல ஓட்டல்னா கடல் தெரியற ஆறாவது மாடிதான்டீ!" என்று நேற்று நான் விடுதிக்குப் போகலாம் என்றபோது கேலி செய்தீர்கள். நம் தெசலோனிகியின் கடற்கரைச் சாலை கடலில் மண் கொட்டி மேடாக்கிய இடம், அதிர்ந்தால் அதிகம் ஆடும். குன்றின்மேல் இருக்கும் மேல்நகரம் பாறை. அங்கே வாசலை ஒட்டிய அறையாகக் கேட்கப்போகிறேன்.

மொச்சை சூப்பைச் சூடாக்காமல் அப்படியே குடியுங்கள். காஸைப் பற்றவைக்காதீர்கள்.

ஸ்டமாதியா

பி.கு.: மேல்நகர விடுதிக்குப் போன் செய்தேன். நேற்றே நீங்கள் அறை எடுத்துவிட்டீர்களாம், வாசலை ஒட்டியே! நீங்கள் சொன்னதையும் விடுதிக்கார அம்மாள் உளறிவிட்டாள்: "பயப்படறது நான்தான்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்கம்மா."