அட்டையில் எழுதிய உன் பேர்

அடி என் அஞ்சலை,

நீ போன பிறகு எனக்குச் சண்டை போடக்கூடச் சரியான ஆளில்லை. அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உன்னை நினைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்தேன். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட ஒரு நடை வைத்திருந்தார்கள். என் மகன் ஏழுமலைதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். நான் பஸ் ஏறமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்று நாம் கை காட்டியும், மீன் விற்கப் புறப்பட்ட உன் தலையில் கூடையைப் பார்த்ததும் பஸ் நிற்காமல் போனதே! மூன்று வயது ஏழுமலை வலிப்பு வந்து கண் செருகிக் கிடந்தான். நான் நிறைமாதம். அழுதபடி நின்றேன். நீயோ கூடையை ரோட்டோரம் கவிழ்த்துவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். பிள்ளைச்சாவடியிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படியடி ஓடினாய்? காலில் செருப்புக்கூட இல்லையே.

நான் வந்து சேர்ந்தபோது, கட்டிலில் கிடந்தபடி உன் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு எத்தனை வருஷம் அவனைக் கிண்டல் செய்தாய்! "ஒரு கூட சங்கரா மீன முழுங்கனவன்டா நீ. இன்னும் ஏன்டா இளைச்சே கெடக்கற?" இப்போது வந்து பார், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை அவனுக்கு.

நடைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கோர் அட்டை. எந்தக் குழந்தைக்காக நடக்கிறோமோ அதன் பேரை எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். மேசையில் இருந்த பெண் பேனாவோடு நிமிர்ந்தாள்.

"கொழந்த பேரு சொல்லுங்க ஆயா."

"அஞ்சலை."

"எத்தன வயசு?"

"இருந்தா எழுவது."

சிரித்துவிட்டாள். "கொழந்தைங்க பேருதான் ஆயா எழுதணும்."

"கொழந்தய தூக்கினு ஓடனவ பேர எழுதக்கூடாதா?"

ஏழுமலை என் காதருகே குனிந்தான். "எம்மா, எல்லாரும் பாக்கறாங்க. எம்பேர எழுதினு வாம்மா."

"நீதான் குத்துக்கல்லாட்டம் நிக்கறியே, உனக்கு எதுக்குடா?"

பின்னால் வரிசை நின்றுவிட்டது. நான் நகரவில்லை. அங்கேயே நம் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்த அந்தப் பெண் பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டாள். கடைப் பலகைகளைப் பார்த்து நானாகக் கற்ற எழுத்தில் உன் பேரைப் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

காந்தி சிலையருகே நடந்து முடித்தவர்களின் அட்டைகளைப் பார்த்து ஒருவர் மைக்கில் படித்தார். என் முறை வந்தது. "அஞ்சலை பாப்பா சீக்கிரம் கொணமாகி வூட்டுக்கு வரணும். எல்லாரும் கை தட்டுங்க!"

கூட்டம் முழுக்கத் தட்டியது. நான் சண்டைக்குக் கிளம்பிவிடுவேன் என்று ஏழுமலை பயந்து என்னைப் பார்த்தான். உன் பேருக்கு யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லையடி. தட்டட்டும் என்று நின்றேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஏழுமலை தட்டிக்கொண்டே இருந்தான்.

நன்றி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாய். இப்போது திருப்ப முடியாது, கேட்டுக்கொள். என் பிள்ளை உன்னால்தான் இருக்கிறான்.

அடுத்த வருஷமும் நடப்பேன். வேறு பேர் கேட்டால் மேசையை விட்டு நகரமாட்டேன். எனக்கு நடக்கக் கால் வராவிட்டால் உன் பேரை ஏழுமலை நெஞ்சில் குத்தி அனுப்புவேன்.

உடன்பிறக்காத உன் அக்கா,
தனபாக்கியம்