அறுத்த பூட்டின் சாவி

பாசிர் கூடாங்
6 மே 2024

அன்புத் தம்பி ஜீவனுக்கு,

நலமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான். நலமாக இருந்தால் நீ ஏன் சாஆ ஊரில் அக்கா வீட்டில் இருக்கப் போகிறாய்? உன் கைப்பேசியை அக்கா தேன்மொழி வாங்கி வைத்துவிட்டதாம். அது மணியடித்தாலே ஆலைச் சங்கு என்று நடுங்குகிறாயாமே. அதனால்தான் பல வருஷம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இங்கே நம் ஷிப்டில் எல்லோரிடமும் உனக்கு டெங்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். விஜயன் பப்பாளி இலைச் சாறு பிழிந்து உனக்குக் கொடுத்தனுப்பினான். வீணாக்குவானேன் என்று நானே குடித்தேன். இரண்டு நாள் வாய் கசந்தது.

எச்.ஆரில் ஷர்மினி என்று ஒரு பெண் வந்திருக்கிறது. நீ திரும்பி வருவதற்குத் திட்டம் போட்டிருக்கிறது. முதல் மாதம் பகலில் நான்கு மணி நேரம்தான் வேலை. நைட் ஷிப்ட் கிடையாது. தனியாக எங்கும் அனுப்பக் கூடாது, கூடவே ஒரு ஆள். ஜூலை 15க்குள் வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்கள். பழையதைக் கிளறாமல் வந்து சேர். உன் அண்ணியும் கேட்டதாகச் சொன்னாள்.

அன்புடன்,
சபாபதி அண்ணன்


சாஆ
20 மே 2024

சபா அண்ணனுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். மாத்திரை பழகிவிட்டது. காலையில் எழுந்து குளிக்கிறேன். அக்கா அதையே பெரிய செய்தியாகச் சிகாமாட் டாக்டரிடம் சொல்கிறது.

ஷர்மினி படிவங்களோடு மார்ச் 14 அறிக்கையின் நகலையும் அனுப்பியிருந்தார். கீழே உங்கள் கையெழுத்து. 'பம்பில் தன் பூட்டை மாட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார்.'

அந்தப் பூட்டு என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்க்கப் போகிறவன் தன் பெயர் போட்ட பூட்டைச் சுவிட்சில் மாட்டுவான். சாவி அவன் பையில். அவனே வந்து திறக்கும்வரை பெரிய மேனேஜர் வந்தாலும் பம்பை ஓட்ட முடியாது, உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நான் அந்தச் சாவியோடு கேட்டைத் தாண்டிப் போய் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைத் தேடித் தொட்டிக்குள்ளெல்லாம் இறங்கி, கடைசியில் பூட்டை அறுத்தீர்கள். ஆறு மணி நேரம் ஆலை நின்றது. அது என் தப்புத்தான்.

ஆனால் யாரிடமும் சொல்லாமலா, அண்ணே? அன்று காலை வாக்கி டாக்கியில் உங்களைக் கூப்பிட்டேன். "அண்ணே, கை நடுங்குது, மூச்சு முட்டுது. வேற ஆளப் போடுங்க" என்று சொன்னேன். "இன்னும் ஒரு மணி நேரம்தான், இழுத்துப் பிடி லா" என்றீர்கள். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அதே ஒரு மணி நேரம்.

"வேலைக்குப் போனா, முடியாதப்போ வாயத் தொறந்து சொல்வீங்களா?" என்று டாக்டர் கேட்கிறார். சொன்னேனே என்கிறேன். காகிதம் இல்லை என்கிறது. நாளைக்கு நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அறிக்கையைத் திருத்துங்கள். இல்லையென்றால் நான் வரவில்லை.

ஜீவன்


பாசிர் கூடாங்
2 ஜூன் 2024

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமும் வந்தது, மறைப்பானேன். அன்றைக்கு என்னிடம் ஆள் எங்கே இருந்தது? இரண்டு பேர் சிங்கப்பூர் சம்பளத்துக்குப் போய்விட்டான்கள், ஒருவன் எம்.சி. எடுத்து மருத்துவ விடுப்பில். உன்னை எடுத்தால் யாரைப் போடுவேன்? நீ எப்போதும் தாங்குகிறவன், அதனால் சொன்னேன்.

இப்போது திருத்தினால் என் தலைதான் உருளும். ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கிறது, மகள் லோஷினி படிப்பு முடியவில்லை. டெங்கு என்று சொன்னதும் உனக்காகத்தான். உண்மை தெரிந்தால் பயல்கள் பைத்தியம் என்பான்கள். தயவுசெய்து வந்துவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சபாபதி


சாஆ
10 ஜூன் 2024

அண்ணே,

பயல்கள் யாரும் அந்த வார்த்தையை எழுதவில்லை. நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நடந்ததை ஷர்மினிக்கு நானே எழுதிவிடலாம். எட்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம் என்பதால் இன்னும் எழுதவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

ஜீவன்


பாசிர் கூடாங்
3 ஜூலை 2024

தம்பி ஜீவனுக்கு,

மூன்று வாரம் பதில் போடாமல் இருந்தேன். வெட்கம்தான் காரணம்.

போன வியாழக்கிழமை விஜயன் மேலே குழாயில் நின்றுகொண்டு கூப்பிட்டான். "அண்ணே, தலை சுத்துது. எறங்கட்டுமா?" என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "இன்னும் ஒரு..." அதோடு நாக்கு நின்றுவிட்டது. "எறங்குடா, இப்பவே எறங்கு" என்று கத்தினேன். அவன் வேலையை நானே ஏறி முடித்தேன். அங்கே நின்றபோது எனக்கும் கை நடுங்கியது. உனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். இவ்வளவு நாள் நினைக்கவே இல்லை, தம்பி.

மறுநாள் ஷர்மினியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று தடவை சொன்னான், மூன்று தடவையும் நான் விடவில்லை என்று. வேலைக்கு முன்னால் நின்றபடி பேசுவோமே, அந்தக் கூட்டத்திலும் சொன்னேன். உன் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதைச் சொல்வது உன் இஷ்டம். டெங்கு என்றது பொய் என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "அப்ப என் பப்பாளிச் சாறு?" என்று விஜயன் கேட்டான்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் வேலையை ஆறு மாதம் கமலநாதன் பார்க்கிறான், நான் மறுபடி ஸ்பேனர் பிடிக்கிறேன். உன்கூட நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன். நீ வேண்டாம் என்றால் வேறு ஆள் போடுவார்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னை மன்னித்துவிடு.

சபா


சாஆ
9 ஜூலை 2024

அன்புள்ள சபா அண்ணனுக்கு,

திருத்திய அறிக்கையை ஷர்மினி அனுப்பியிருந்தார். அக்காவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பயம் போகவில்லை. இருந்தாலும் 15ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறேன். பப்பாளிச் சாறு வேண்டாம் என்று விஜயனிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய சாவியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அறுத்த பூட்டுக்கு அது இனி உதவாது. உங்கள் பையில் இருக்கட்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. ஆனால் கூட நிற்கும் ஆள் யார் என்று கேட்ட இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு முடியாமல் போனால் உங்களிடம்தான் சொல்வேன்.

ஒரு தடவைதான் சொல்வேன், அண்ணே.

உங்கள் தம்பி,
ஜீவன்