அதே ஊசி, அதே கை

என் அன்பு மச்சான் சின்னசாமிக்கு,

உன் காதர் எழுதுகிறேன். நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேள், குழந்தையின் இரத்தம் உறைந்துவிட்டது! கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. நான் குதித்த குதியைப் பார்த்து அரூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டார். வெளியே நோயாளிகள் பயந்துவிடுவார்களாம்.

யார் குழந்தை என்கிறாயா? கம்பைநல்லூர் பாப்பாத்தியின் மகன். நம் மாதுவின் அக்கா பாப்பாத்திதான்.

மாதுவை இழந்தது தருமபுரி தனி மாவட்டமாவதற்கு முந்தைய வருடம். கோயிலில் ஒரே நாளில் நான்கு பிள்ளைகளுக்கு நீ காது குத்தினாய். மூன்று பேர் அழுது முடித்து மிட்டாய் தின்னப் போய்விட்டார்கள். மூன்று வயது மாதுவுக்கு மட்டும் இரத்தம் நிற்கவே இல்லை. ஐந்தாம் நாள் போய்விட்டான். அவன் அம்மா மாரக்கா உன் நகைப் பட்டறை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். ஊரே உன் கையைச் சபித்தது.

டாக்டர் படிப்பை முடித்து அப்போதுதான் வந்திருந்த நான் மட்டும் யோக்கியமா? பெரிய மேதாவி மாதிரி, "ஊசியக் கொதிக்க வெச்சியா?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை.

"அதே ஊசி, அதே கை மச்சான். அவங்கக்காளுக்கும் அன்னிக்கி நாந்தான் குத்துனேன். அவளுக்கு ஒண்ணும் ஆவல. இவனுக்கு மட்டும் ஏன்?" என்றாய்.

அதற்கப்புறம் நீ யார் காதையும் தொடவில்லை. உன் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதுதான் என்னை மதராஸ் ஆராய்ச்சிக்கூடம் வரை இழுத்துக்கொண்டு போனது, தெரியுமா?

விடுமுறைக்கு விடுமுறை பஸ் ஏறி வந்து, மாரக்காவின் தங்கைகள் வாழ்க்கைப்பட்ட ஊர்களில் எல்லாம் அலைந்தேன். இரண்டு தங்கைகளுக்கு அதே போல் இரத்தம் நிற்காத பையன்கள்! ஒருவனுக்குக் காதே குத்தவில்லை, பல் விழுந்ததற்கே ஒரு வாரம் ஒழுகியதாம். அவர்களின் அக்கா தங்கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்குத் தெரியாமலே தாய் வழியாக வந்து மகனைப் பிடிக்கிற கோளாறு, மச்சான்.

பல் விழுந்த அந்தப் பையனின் இரத்தம் குழாயில் தண்ணீராகவே கிடந்தது. என் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைச் சில சொட்டு விட்டேன். உறைந்தது! அவன் இரத்தத்தில் ஏதோ ஒன்று பிறவியிலேயே இல்லை. உன்னிடம் ஓடி வந்து சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "முழுசாத் தெரியட்டும். பாதியில சொன்னா நம்ம ரெண்டு பேரையும் சேத்துச் சிரிப்பாங்க." நான் முழுசாகத் தெரிந்துகொள்வதற்குள் உனக்கு என்ன அவசரம்?

நான் குழாயைக் கவிழ்த்ததை மாரக்காவும் பக்கத்தில் நின்று பார்த்தாள். மாதுவைக் கொண்டுபோனது ஊசியில்லை, பிறவிக் கோளாறு என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நேரே உன் வீட்டுக்குப் போய் உன் தம்பி கோவிந்தனிடம், "உங்கண்ணன் ஊசி இருக்குதுங்களா? எம் பேரனுக்கு உங்க வூட்டுக் கைதான் குத்தணுமுங்க. தெரியாம மண்ணத் தூத்திட்டேன்" என்று அழுதாளாம். கோவிந்தன் சொல்லும்போது நானும் அழுதுவிட்டேன்.

பாப்பாத்திக்கு அடுத்தது பையன் என்றால் அவனையும் சோதிக்க வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன். இவனுக்குப் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? பாப்பாத்திக்கு இருந்த ஒரே தம்பி மாது. மடிக்கு என்ன செய்வீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீங்கதான் உக்காரணும் டாக்டரு" என்றாள் மாரக்கா.

அன்றைக்கு அந்த ஊசிக் கேள்வியைக் கேட்டதற்கு உன்னிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் ஊசியை நானே கொதிக்க வைப்பேன், கோபித்துக்கொள்ளாதே, டாக்டர் புத்தி. குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வேன். இரத்தம் நின்றதும் அத்தனை பேர் நடுவிலும் எழுந்து நின்று சத்தமாகச் சொல்வேன், சின்னசாமி கை அன்றைக்கும் நல்ல கைதான் என்று. இது சத்தியம்.

ஞாயிறு முதல் ஒரு குழந்தைக்குத் தாய்மாமனும்,
என்றைக்கும் உனக்கு மச்சானுமான
காதர்